பலகைக்கு அடியில் நாற்பத்தொரு மூட்டை

நம் பன்னிரண்டு பேரில் காதில் கருவி மாட்டியிருப்பவர்கள் ஐந்து பேர். மாட்டவேண்டியவர்கள் இன்னும் மூன்று பேர். அந்த மூன்றில் நானும் ஒருவன் என்று என் முதுகுக்குப் பின்னால் நீங்கள் பேசிக்கொள்வது தெரியும். காதில் விழுந்ததால்தான் தெரியும். ஆகவே அந்தப் பேச்சு வேண்டாம். காலை நடை முடிந்து நாம் உட்காருகிற சிமெண்டு பெஞ்சில் இந்த விஷயத்தைச் சொல்ல நான்கு முறை வாயெடுத்தேன். இரண்டு முறை லாரி போனது. ஒரு முறை யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்ற பேச்சு வந்துவிட்டது. நான்காம் முறை நானே தயங்கிவிட்டேன். அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் இரண்டு பேர் என்னோடு ஆம்பூரில் மூன்றாம் வகுப்பு படித்தவர்கள். அவர்களுக்கு இதில் நேரடியான சம்பந்தம் உண்டு. நடுவில் கோபித்துக்கொண்டு எழுந்து போகாமல் கடைசிவரை படிக்கவேண்டும்.

போன மாதம் மகன் கட்டிய புது வீட்டுக்குக் குடிபோனோம். தரை முழுக்கப் பளிங்கு. பார்க்க அழகுதான். ஆனால் ஒரு டம்ளர் கைதவறினால் நான் மூன்று எண்ணி முடிக்கும்வரை அது விழுந்துகொண்டே இருக்கிறது. நாற்காலியை இழுத்தால் பல் கூசுகிறது. பேத்தி பாடம் படித்தால் கூடத்தில் நான்கு பேத்திகள் படிக்கிறார்கள். குடிபோன ஐந்தாம் நாள், அலமாரியிலிருந்து என் பழைய மாத்திரை டப்பா நழுவி விழுந்து திறந்துகொண்டது. உள்ளே ஒன்பது கடுக்காய். அவை குதித்து ஓடிய சத்தத்துக்கு மருமகள் சமையலறையிலிருந்தும் பேத்தி மாடியிலிருந்தும் ஓடிவந்தார்கள். எல்லாரும் தேடி எட்டை எடுத்துவிட்டோம். ஒன்பதாவது கிடைக்கவில்லை. கடையில் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே என்றாள் மருமகள். அவள் சொன்னதில் தவறில்லை. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

அந்த ஒன்பது கடுக்காயைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எனக்கு எட்டு வயது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த முதலாளி சாய்பு ஒருவர் தன் பழைய தோல் கிடங்கைப் பள்ளிக்கூடம் நடத்தக் கொடுத்திருந்தார். ஷாப்பில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் ஊரில் மற்ற வீட்டுப் பிள்ளைகளுமாக அறுபத்தொரு பேர். மூன்று வகுப்பு, ஒரே அறை, ஒரே டீச்சர். அந்த டீச்சர் என் அம்மா. அப்பா அதற்கு மூன்று வருஷம் முன்பே காய்ச்சலில் போய்விட்டார். கிடங்கை ஒட்டிக் காவல்காரருக்குக் கட்டிய ஒன்றரை அறையில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்.

அறையின் நீளம் என் அன்றைய பாதத்தால் எழுபத்திரண்டு. அகலம் முப்பது. கீழே கடப்பாக்கல், நான்கு பக்கமும் பூசிய கற்சுவர், மேலே செங்கல் வளைவு. ஜன்னல் கிடையாது, உயரத்தில் ஆறு காற்றுத் துளைகள் மட்டும். தோலுக்கு வெளிச்சம் ஆகாது என்று அப்படிக் கட்டியிருந்தார்கள். அம்மா முன்னால் மேடையில் நின்று ஒரு சொல்லைச் சொன்னால் அது எங்கள் தலைக்கு மேல் போய், பின்சுவரில் இடித்து, வளைவில் ஏறி, அடுத்த சொல்லின் மேல் வந்து விழும். நான் உட்கார்ந்தது எட்டாவது வரிசையில், அதாவது கடைசியில். தன் பிள்ளையை முன்னால் உட்காரவைத்தாள் என்று யாரும் சொல்லக்கூடாது என்பது அம்மாவின் ஏற்பாடு. ஒரு முறை அவள் கைதட்டினால் அது அடங்க நான் நான்கு எண்ணவேண்டும். எண்ணியிருக்கிறேன். படிகள், வண்டிகள், பாலாற்று மணலில் காயப்போட்ட தோல்கள், எல்லாவற்றையும் எண்ணுகிற வியாதி எனக்கு அப்போதே இருந்தது. பள்ளியில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கணக்குப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை தோறும் பள்ளிக் கமிட்டியின் செக்ரட்டரி வருவார். தாலுகா கச்சேரியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று, இடது கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொள்வார். ஐந்து நிமிஷம் கேட்பார். பிறகு தலையை ஆட்டுவார்.

"டீச்சரம்மா, உங்க மேல குத்தம் சொல்லல," என்று அந்த ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சொன்னார். "பொம்பளை குரல். இத்தனை பெரிய எடத்துக்கு எட்டாது. ஆண்டவன் குடுத்தது அவ்வளவுதான்."

குடியாத்தத்தில் ஒரு வாத்தியார் இருப்பதாகவும், அவர் பேசினால் நாற்பது தறி ஓடுகிற கூடத்தில்கூடக் கேட்கும் என்றும் சொன்னார். பொங்கல் கழிந்து இன்ஸ்பெக்டர் வருகிறார். அன்று கடைசி வரிசைப் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் வைப்பார். பிள்ளைகள் எழுதிவிட்டால் சரி, இல்லாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து குடியாத்தம் வாத்தியார் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் கெட்டவர் இல்லை. இப்போது என் காதும் மந்தமான பிறகு ஒன்று தோன்றுகிறது. கோயிலில் அர்ச்சகர் சொல்வதும் டீக்கடையில் பத்திரிகை படிப்பதும்கூட அவருக்குச் சரியாகக் கேட்பதில்லை என்றும், எங்கே போனாலும் அந்த இடது கை காதுக்குப் பின்னால் போகும் என்றும் ஊரில் பேசுவார்கள். அப்போது யாரும் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை.

வேலை போனால் ஒன்றரை அறையும் போகும். அம்மா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மாமா எழுதிய கடிதத்தை அவள் பைபிளுக்குள் வைத்திருந்தாள். நான் எடுத்துப் படித்துவிட்டேன். பையனைத் தகப்பனில்லாப் பிள்ளைகளின் விடுதியில் சேர்க்க இடம் பார்த்திருப்பதாகவும், அம்மாவுக்குச் சென்னையில் ஒரு வீட்டோடு தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைக்கும் என்றும், வருஷத்துக்கு ஒரு முறை கிறிஸ்துமஸுக்குச் சந்தித்துக்கொள்ளலாம் என்றும் மாமா எழுதியிருந்தார். எத்தனை கிறிஸ்துமஸ் என்று நான் எண்ணிப் பார்த்தேன். எனக்குப் பதினெட்டு வயதாகும்வரை பத்து.

அம்மா கத்தத் தொடங்கினாள். வாயில் எப்போதும் அதிமதுரக் குச்சி. காலையில் உப்புத் தண்ணீர், மதியம் திப்பிலி. பக்கத்து வீடுகளிலிருந்து ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. மோரை நிறுத்து, நெய்யைச் சேர்த்துக்கொள், கழுத்தில் துணி சுற்று. எல்லாவற்றையும் செய்தாள். கார்த்திகை முடிவதற்குள் சாயங்காலங்களில் அவளுக்குக் குரலே இல்லாமல் போனது. சைகையில் சோறு போட்டாள்.

எல்லாரும் தொண்டைக்கு வைத்தியம் பார்த்தார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, எண்ணத் தெரியும். கடைசி இரண்டு வரிசையின் சிலேட்டுகளை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. போகிற வழியில் பிழைகளை எண்ணிவிடுவேன். அம்மா முழுத் தொண்டையில் கத்திய நாட்களில் பிழை நூறைத் தாண்டியது. தொண்டை கட்டி, கீச்சுக்குரலில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்ன நாட்களில் அறுபது, எழுபது. பதினான்கு நாள் எண்ணி, தாளில் எழுதி, அவள் முன்னால் வைத்தேன்.

"கத்தினா தப்பு ஜாஸ்தி வருதும்மா. கத்தாட்டி கம்மி."

அம்மா தாளைப் பார்த்தாள். பிறகு எழுந்து வகுப்பறைக்குப் போய், நடுவில் நின்று, தலையைத் தூக்கிச் செங்கல் வளைவை வெகுநேரம் பார்த்தாள். ஒரு முறை கைதட்டினாள். இருவரும் நின்று அது அடங்கும்வரை கேட்டோம். அவள் வாய் முதல் முறையாக என்னோடு சேர்ந்து எண்ணியது.

ஷாப்பில் ரோமம் அலசும் அம்மாள் ஒருவர் இருந்தார். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலிலிருந்து வழித்தெடுத்த ரோமத்தை ஆற்றில் அலசிக் காயவைத்து மூட்டை கட்டுவது அவர் வேலை. சுண்ணாம்பு தின்ற விரல்நுனிகள் வெள்ளையாக வெடித்திருக்கும். அவர் மகள் இரண்டாம் வகுப்பில் படித்தாள். மகளைக் கூட்டிப்போக வந்தவரிடம் அம்மா அறையைப் பற்றிக் கேட்டாள்.

"தோல் அடுக்கி வெச்சிருந்தப்ப இந்தப் பேஜாரே இல்ல டீச்சரம்மா," என்றார் ரோமக்காரம்மா. "அந்த மூலைல நின்னு கூவுனா இந்த மூலைல இருக்கிறவன் இன்னா இன்னான்னு கேப்பான். தோலுதான் எல்லாத்தையும் முழுங்கிக்கிச்சு. இப்ப வெறுங்கல்லு. அது முழுங்குமா? திருப்பித்தான் அடிக்கும்."

தோலை மறுபடி அடுக்க முடியாது. ஆனால் அம்மா வேலூரில் டிரெயினிங் எடுத்த கூடத்தில் பலகைத் தரை இருந்ததாம். அங்கே பேசிய பேச்சு பேசிய இடத்திலேயே நின்றதாம். முதலாளி சாய்புவின் கொட்டகையில் பலகைகள் கிடந்தன. வேலூர் கண்டோன்மெண்டில் துரைமார் டான்ஸ் ஆடிய ஹால் ஒன்றை இடித்தபோது, வண்டிகளுக்கு ஆகும் என்று அவர் வாங்கிப்போட்ட தேக்கு. அம்மா போய்க் கேட்டாள். கல்லை மூடவேண்டும், அவ்வளவுதானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சாய்பு ஆளையும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

நூற்று நாற்பத்து மூன்று பலகைகள். மெழுகு தேய்த்துத் தேய்த்துத் தேன் நிறம் ஏறியவை. கிட்ட முகர்ந்தால் மெழுகும் சுருட்டும் கலந்த ஒரு வாசனை. துரைசானிகளின் குதிகால் பட்டுச் சின்னச் சின்ன வட்டமாகக் குழிகள் இருந்தன. ஒரு பலகையில் மட்டும் இருநூற்றுப் பதினேழு குழி எண்ணினேன். அவ்வளவு தூரம் நடந்து அந்த அம்மாள் எங்கே போனாள் என்று எனக்குப் புரியவில்லை. டான்ஸ் என்றால் போன இடத்துக்கே திரும்பி வருவது என்று அம்மா விளக்கினாள்.

பலகை போட வந்த ஆசாரி நல்ல வேலைக்காரர். அங்கேதான் தவறு நடந்தது. ஆசாரி மரத்தைத் தேர்ந்தெடுப்பதே தட்டிப் பார்த்துத்தான். கணீரென்று பேசினால் நல்ல மரம். ஊமையாக இருந்தால் உள்ளே உளுத்தது. அவர் ஒவ்வொரு பலகையையும் விரல் கணுவால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, ஊமைப் பலகை ஆறை ஒதுக்கிவிட்டார். மீதி நூற்று முப்பத்தேழு பலகையும் நன்றாகப் பேசவேண்டும் என்பதற்காகக் கல்லின் மேல் ஒன்றரைச் சாண் உயரத்துக்குச் சட்டம் கொடுத்து, அடியில் வெற்றிடம் விட்டு, மேலே இறுக்கி ஆணி அடித்தார். கரையானும் ஏறாது, நாதமும் குறையாது என்றார். முடித்ததும் நடுவில் நின்று குதிகாலால் ஒரு தட்டு தட்டினார். அறை முழுக்க அதிர்ந்தது. "கேட்டீங்களா டீச்சரம்மா, கோயில் கதவு மாதிரி பேசுது," என்றார். அம்மா முகம் வெளுத்தது. அவருக்கு நன்றி சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் அறுபத்தொரு பிள்ளைகள் உள்ளே வந்தோம். நூற்று இருபத்திரண்டு கால்கள். அந்த ஓசையை நான் இதுவரை வேறெங்கும் கேட்டதில்லை. நம்மில் யார் முதலில் குதித்தது என்று இப்போது விசாரிக்க வேண்டாம். எனக்குத் தெரியும், அவர் இந்தத் தாளைப் படித்துக்கொண்டிருக்கிறார். முதலில் ஒருவன், பிறகு எல்லாரும். குதிக்காமல் உட்கார்ந்தபோதும் ஒருவன் முழங்காலை மாற்றினால் அது மேடைவரை கேட்டது. ஒரு சிலேட்டு விழுந்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அழுதார்கள். கைதட்டல் மட்டும் நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்திருந்தது. அதை அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் முடியாது.

செவ்வாய்க்கிழமை செக்ரட்டரி வந்தார். காதுக்குப் பின்னால் கை வைக்கவேண்டிய அவசியம் அன்று அவருக்கு வரவில்லை.

"கல்லுல எதிரொலிதான் வந்தது. இப்ப கல்யாண மேளமே வந்துடுச்சு," என்றார்.

அன்று மாலை ரோமக்காரம்மா வாசலில் நின்று பார்த்தார். செருப்பில்லாத காலால் பலகையை இரண்டு முறை உதைத்தார். குனிந்து இடுக்கு வழியாக உள்ளே ஒற்றைக் கண்ணால் பார்த்தார். துரைமார் ஹாலிலிருந்து பெயர்த்தபோது பலகைகளின் ஓரம் சிதைந்திருந்ததால், இறுக்கி அடித்தும் நடுவே நூல் அளவுக்கு இடைவெளி இருந்தது.

"கீழ காலியா விட்டா மேளந்தானேம்மா? உள்ள எதனா ரொப்பணும். மூட்டை மூட்டையா ரோமம் கெடக்குது. ரொப்பிட்டா தோல் வெச்சிருந்த மாதிரியே ஆய்டும்."

அம்மா மறுநாளே செக்ரட்டரி வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். செய்தி அதற்கு முன்பே போய்விட்டது. மாட்டு முடியின் மேல் பிள்ளைகளை உட்காரவைப்பதா என்று ஏழு வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து அவர் வாசலில் நின்றார்கள். பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்றார்கள். பெஞ்சு நண்பர்களே, உங்கள் இருவரின் வீடும் அந்த ஏழில் உண்டு. உங்கள் அப்பாக்களைக் குறை சொல்லவில்லை. அந்த வீடுகளின் பழக்கம் அப்படி. எங்களோடு வந்து படிக்குக் கீழே தெருவில் நின்றிருந்த ரோமக்காரம்மாதான் பேசினார். சத்தமாகப் பேசவில்லை.

"ஐயா வீட்ல மடியா சாப்பிடறப்ப கம்பளி விரிச்சுத்தானே உக்கார்றாங்க? கம்பளிக்குத் தீட்டு இல்லன்னுதானே சொல்றீங்க. அது இன்னா, மரத்துலயா காய்க்குது? நாங்க அலசிக் குடுக்கிற ஆட்டு ரோமந்தான்."

செக்ரட்டரி இரண்டு முறை கனைத்துக்கொண்டார். பிறகு, ஆட்டு ரோமம் மட்டும் என்றால் ஆட்சேபம் இல்லை, மாட்டு முடி ஒரு பிடி கலந்தாலும் பலகையைப் பெயர்த்துவிடுவோம் என்று தீர்ப்புச் சொன்னார். ஏழு வீடும் சரி என்றது. யார் பார்த்துச் சொல்வது என்ற கேள்வி வந்தது. ரோமம் போடுவது தை முதல் வெள்ளி. ஷாப்புக்கும் பள்ளிக்கும் வெள்ளிதான் விடுமுறை. அன்று அவர் வீட்டில் பூஜை. மற்றவர்கள் யாரும் அந்தத் தூசிக்குள் வருவதாக இல்லை.

செக்ரட்டரி என்னைப் பார்த்தார். "டேய் கணக்குப்பிள்ளை. வாசல்லயே நின்னு மூட்டையெல்லாம் எண்ணு. ஆட்டு ரோமம் எத்தனை, வேற ஏதாவது இருந்தா எத்தனை. எங்கிட்ட வந்து சொல்லு. உன் எண்ணிக்கை தப்பாது."

அதுவரை என்னை யாரும் அவ்வளவு பெரிய மனிதனாக நடத்தியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை பலகைகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். நான் ஷாப்பிலிருந்து ஒரு கூடை கடுக்காய் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். தோல் பதனிடக் குவித்துவைத்தது. ஒரு கூடை குறைந்தால் தெரியாது. மூட்டை ஒன்று உள்ளே போனால் ஒரு கடுக்காய் டவுசர் பையில். ஆட்டு ரோமம் என்றால் வலது பை. வேறு என்றால் இடது பை. எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஆட்டு ரோமம் சுருட்டை. மூட்டையை அழுத்தினால் திரும்ப எழும்பும். மாட்டு முடி குட்டை, நேர். கோணியின் கண் வழியாக வெளியே வந்து கையைக் குத்தும். ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் கண்ணை மூடிக்கொண்டு தெரியும்.

ரோமக்காரம்மாவும் இன்னும் மூன்று பேரும் மேடைப் பக்கத்திலிருந்து தொடங்கி, சட்டங்களுக்கு நடுவே வேப்பிலையைத் தூவி, அதன் மேல் ரோமத்தைக் கொட்டி, காலால் மிதித்து நிரப்பிக்கொண்டே வந்தார்கள். அம்மா தலையில் துணி கட்டிக்கொண்டு அவர்களோடு மிதித்தாள். வலது பை நிறைந்து, சட்டையை மடித்துப் பிடித்து அதிலும் போட்டுக்கொண்டேன். மதியம் தாண்டி முப்பத்திரண்டாவது மூட்டை போனது. அதோடு ஆட்டு ரோமம் தீர்ந்துவிட்டது. கடைசி இரண்டு வரிசைக்கான இடம் கல்லாகவே கிடந்தது.

ரோமக்காரம்மா அம்மாவின் கிட்டே வந்து தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். இன்னும் கல்லாகக் கிடந்த அந்தப் பின்கோடி அதைத் தூக்கிக்கொண்டுவந்து வாசலில் நின்ற என் காதில் போட்டது: வேறு ரோமம் ஒன்பது மூட்டை அலசிக் காய்ந்து கிடக்கிறது, இன்றைக்கு விட்டால் இன்ஸ்பெக்டர் வருவதற்குள் அடுத்த விடுமுறை இல்லை. அம்மா கடைசி வரிசை இடத்தைப் பார்த்தாள். அவள் என் பக்கம் திரும்பவில்லை. "போடுங்க," என்றாள்.

ஒன்பது மூட்டையும் என்னைக் கடந்துதான் போயின. ஒன்பதும் கையைக் குத்தின. ஒன்பது கடுக்காயை இடது பையில் போட்டேன்.

சாயங்காலம் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே செக்ரட்டரி வீட்டுக்குப் போனேன். பூஜை முடிந்து நெற்றியில் சந்தனத்தோடு வெளியே வந்தார். என் சட்டை மடிப்பைப் பார்த்துச் சிரித்தார். எத்தனை என்று கேட்டார். போகும் வழியெல்லாம் நான் மூட்டைகளை எண்ணவில்லை. பத்து கிறிஸ்துமஸை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"முப்பத்திரண்டு. வேற இல்லீங்க ஐயா."

"நீ சொன்னா சரி," என்றார். ஒரு வாழைப்பழமும் சுண்டலும் கொடுத்தார்.

அந்தப் பழத்தைச் சாப்பிட்டேனா என்று ஞாபகம் இல்லை. அன்று வரை நான் தவறான எண் எதையும் வாயால் சொன்னதில்லை. அதன் பிறகும் முப்பத்தாறு வருஷம் ஆபீசில் எத்தனையோ எண்களை எழுதியிருக்கிறேன். ஒன்றுகூடத் தெரிந்து தவறாக எழுதியதில்லை. அந்த ஒன்றுதான்.

மறுநாள் காலை, பிள்ளைகள் வருவதற்கு முன், அம்மா என்னைக் கடைசி வரிசையில் நிற்கவைத்து மேடையிலிருந்து கைதட்டினாள். 'ஒன்று' என்று எண்ண வாயைத் திறந்தேன். அதற்குள் அடங்கிவிட்டது. அவள் மறுபடி தட்டினாள். மறுபடியும் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. அம்மா மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அவள் கால்சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மழை பெய்தால் மட்டும் வகுப்பில் நூறு ஆடு உட்கார்ந்திருப்பது போல ஒரு வாடை வரும். அது அந்தப் பள்ளி இருந்தவரை போகவில்லை.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். பூட்ஸ் போட்ட பெரிய மனிதர். எங்கள் பக்கத்துத் தமிழர்தான். அவருக்கும் செக்ரட்டரிக்கும் கடைசி வரிசைக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அந்த நாற்காலிகளின் எட்டுக் கால்களும் எதன் மேல் நின்றன என்பது அந்த அறையில் இருவருக்குத்தான் தெரியும். என் இடது பையில் இருந்த ஒன்பதைப் பற்றி மட்டும் நான் ஒருவனுக்குத்தான் தெரியும் என்று அன்று நினைத்திருந்தேன்.

அம்மா சொல்வதெழுதுதலைத் தொடங்கினாள். கத்தவில்லை. எனக்கு முதலில் பயமாக இருந்தது. கார்மேகம் பற்றிய ஒரு பத்தி. ஒவ்வொரு சொல்லும் தனியாக, விளிம்பு சிதையாமல், கழுவி வைத்த பாத்திரம் போல வந்தது. அவள் குரலில் ஒரு மெல்லிய கரகரப்பு இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அத்தனை நாள் அந்த அறை அதைக் காட்டியதில்லை. நான் எழுதினேன். பக்கத்தில் நீங்கள் இருவரும் எழுதினீர்கள்.

நான்காவது வரியில் என் டவுசரின் இடது பை பிரிந்தது. ஒன்பது கடுக்காயையும் அதிலிருந்து எடுத்து வேறு எங்கும் வைக்க எனக்குத் தைரியம் வந்திருக்கவில்லை. ஐந்து நாளாகப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். இப்போது ஒவ்வொன்றாகத் தொடை வழியே நழுவி விழுந்தன. கடுக்காய் எப்படி ஓடும் என்பது போன மாதம் என் மருமகளுக்கே தெரிந்துவிட்டது. கல் தரையாக இருந்திருந்தால் ஒன்பதும் குதித்துக் குதித்து மேடைவரை போயிருக்கும். செக்ரட்டரி குனிந்து பார்த்திருப்பார். நான் மூட்டை எண்ணியது கடுக்காயால் என்று அவருக்குத் தெரியும். இது எந்தக் கணக்கு என்று கேட்டிருப்பார். என் முகத்தைப் பார்த்தால் போதும், பதில் சொல்லவே வேண்டாம்.

ஒன்று விழுந்தது. இரண்டு. மூன்று. மாவில் விரல் வைத்தது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காதால் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது. ஒரு தலையும் திரும்பவில்லை. செக்ரட்டரியின் காது மந்தம் என்று வைத்துக்கொண்டாலும் இன்ஸ்பெக்டர் காது மந்தமில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். செக்ரட்டரியின் இடது கை அவர் மடியில் இருந்தது.

கடைசி இரண்டு வரிசையிலும் சேர்த்துப் பிழைகள் பதினொன்று. அதில் நான்கு என்னுடையவை. எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் விட்டவை. இன்ஸ்பெக்டர் எழுந்து பூட்ஸ் காலால் இரண்டு முறை பலகையைத் தட்டிப் பார்த்தார். அடியில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஆட்டு ரோமம் சார்," என்றார் செக்ரட்டரி. "சுத்தமான ஆட்டு ரோமம். முப்பத்திரண்டு மூட்டை. இந்தப் பையன்தான் எண்ணினான்."

இன்ஸ்பெக்டர் என் தலையில் கை வைத்தார். பிறகு புத்தகத்தில் ஏதோ எழுதினார். டீச்சரின் உச்சரிப்பு கடைசி வரிசைவரை தெளிவாக இருக்கிறது என்று எழுதியதாக அம்மா பின்னால் சொன்னாள். குடியாத்தம் வாத்தியார் பேச்சு அதன் பிறகு வரவில்லை. வாசலில் குடையை விரித்தபடி செக்ரட்டரி அம்மாவிடம், "திப்பிலி நல்லா வேலை செஞ்சிருக்கு டீச்சரம்மா. குரல் தேறிடுச்சு," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இறக்கும்வரை அப்படித்தான் நம்பினார்.

அம்மா அந்த மேடையில் மேலும் பத்தொன்பது வருஷம் நின்றாள். மாமாவின் கடிதத்தை அடுப்பில் போட்டாள், நான் பார்த்தேன். நீங்கள் இருவரும் மூன்றாம் வகுப்பு முடியும்வரை அந்தக் கடைசி வரிசையில், அந்த ஒன்பது மூட்டையின் மேல் உட்கார்ந்து படித்தீர்கள். ஒருவர் டாக்டரானீர்கள், ஒருவர் தாசில்தாரானீர்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைச் சொல்லாமல் உங்களோடு பல வருஷம் டீ குடித்தேன். சொல்லிவிட்டேன். இப்போது நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருக்கிறது. நாளைக்குக் காலையில் பெஞ்சில் எனக்கு இடம் இருக்கிறதா என்று வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அன்று எல்லாரும் போன பிறகு நான் தரையில் தவழ்ந்து கடுக்காய்களைப் பொறுக்கினேன். எட்டு கிடைத்தது. மூன்று முறை எண்ணினேன்; எட்டுதான். அம்மா அந்தக் கோடியில், மேடையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவளும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

"ஒம்போதாவது, செக்ரட்டரி நாற்காலிக்குக் கீழ இருக்குது," என்றாள். "எடுத்து வெச்சுக்கோ."

அவள் திரும்பவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. எழுபத்திரண்டு அடி. எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.